கார்டு விஎம்முக்குள் போய்விட்டது, வீடியோ ஏன் இன்னும் திக்குகிறது?

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் அவரை ஊரில் பார்க்க முடியாது. இன்று பள்ளத்தூர், நாளை கானாடுகாத்தான், மறுநாள் தேவகோட்டை என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம் மட்டும் ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டு வளவில்தான். பார்க்க அவ்வளவு அழகான அந்த வளவு, கேமராவுக்குக் கஷ்டமான இடம். நடுவில் வானம் பார்த்த முற்றத்தில் வெயில் செங்குத்தாக இறங்கும். சுற்றிவர பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருட்டாகக் கிடக்கும். பெண் வெளிச்சத்தில் நிற்க, ஆச்சிமார் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்க முகங்களும் தெரிய வேண்டும் என்றால், பிறகு வண்ணம் திருத்த இடம் விட்டு எடுக்க வேண்டும். அதனால் அண்ணன் தன் கேமராவை 4கே, 10 பிட், 4:2:2 என்று வைத்துத்தான் எடுக்கிறார். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அவரிடம் இருப்பது ஒரே கணினி. அதில் அடித்தளமாக ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற லினக்ஸ் ஓடுகிறது. எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அதன் டிஸ்குகளில் இருக்கின்றன. எடிட்டிங் செய்யும் விண்டோஸ், அதற்கு மேல் ஒரு விஎம்மாக, அதாவது மெய்நிகர் கணினியாக ஓடுகிறது. விண்டோஸில் வைரஸ் வந்தாலும் அப்டேட் சொதப்பினாலும் கீழே இருக்கும் மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. போன கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. அந்தப் பயம் புரிந்ததால்தான் நானே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தேன்.

கிராபிக்ஸ் கார்டை விஎம்முக்கு பாஸ்த்ரூ செய்தேன், அதாவது நிஜக் கார்டையே நேரடியாக விஎம்மின் கையில் ஒப்படைத்தேன். விண்டோஸின் சாதனப் பட்டியலில் கார்டின் பெயர் வந்தது, டிரைவர் ஏறியது, மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லை. அண்ணன் ஆவலோடு ஒரு திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் காட்சியைத் திறந்தார். நாலு நொடி ஓடியது, நின்றது, ஒரு தாவு தாவியது, மறுபடி நின்றது. சிபியூ 90 சதவீதத்தைத் தாண்டி நின்றது.

“கார்டைத்தான் உள்ள குடுத்துட்டியே தம்பி, அப்புறம் ஏன் திக்குது?” என்றார்.

நியாயமான கேள்வி. பாஸ்த்ரூ செய்கிற பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கார்டு விஎம்முக்குள் போய்ச் சேர்வது ஒரு வேலை. வீடியோவின் ஒவ்வொரு பிரேமும் அந்த கார்டுக்குள்ளேயே அவிழ்ந்து, அந்த கார்டுக்குள்ளேயே வரையப்பட்டு, அந்த கார்டின் பின்பக்க ஓட்டை வழியாகவே திரைக்குப் போவது வேறு வேலை. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பிரேம் வழியில் எங்கே கார்டை விட்டு வெளியே வருகிறது என்று தேடினால்தான் விடை கிடைக்கும்.

முதலில் விஎம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரை, அதே முகப்பு, அதே கிணறு. ஆனால் வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்று அவனுக்கு. அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, கணக்கு தனி. கோவில் வரி போடும்போது அவன் தனி ‘புள்ளி’. விஎம்மும் அப்படி வேறு வைத்த ஒரு குடும்பம். சிபியூவில் பங்கு, ரேமில் பங்கு, டிஸ்கில் பங்கு எல்லாம் கிடைக்கிறது. தனக்கென்று ஒரு முழு வீடு இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் திரை விஷயத்தில் மட்டும் அதற்குக் கிடைப்பது பொம்மை. சாதாரணமாக விஎம்முக்குள் தெரியும் கிராபிக்ஸ் கார்டு, ஹோஸ்டின், அதாவது அடியில் ஓடும் லினக்ஸின் நினைவகத்தில் ஒதுக்கிய ஒரு சதுரம், அவ்வளவுதான். கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் விண்டோஸ், அதில் புள்ளிகளை எழுதும். ஹோஸ்ட் அதைப் படித்து உங்களுக்கு ஒரு ஜன்னலில் காட்டும். மெயில் பார்க்கவும் கணக்கு எழுதவும் அது போதும். வீடியோவை அவிழ்க்கும் டிகோடர் அந்தப் பொம்மைக்குள் கிடையாது.

உண்மையான கார்டின் சாவியையே கொடுத்துவிடுவதுதான் பாஸ்த்ரூ. லினக்ஸ் கர்னலில் விஎம்களை ஓட்டும் கேவிஎம் சேர்ந்தது 2007இல், 2.6.20 பதிப்பில். கார்டை முறையாகக் கைமாற்றும் விஎஃப்ஐஓ சேர்ந்தது 2012இல், 3.6 பதிப்பில். இதற்கு அடியில் முக்கியமான வேலையைச் செய்வது ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள். கிராபிக்ஸ் கார்டு சிபியூவைக் கேட்காமல் நேராக ரேமில் படிக்கும், எழுதும். விஎம் தன் நினைவகம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக நினைக்கிறது. உண்மையில் அந்த நினைவகம் ஹோஸ்டின் ரேமில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. கெஸ்டின் டிரைவர் “இந்த முகவரியில் எழுது” என்று கார்டுக்குச் சொன்னால், ஐஓஎம்எம்யூ அந்த முகவரியை உண்மை முகவரியாக மாற்றிக் கொடுக்கும். விஎம்முக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தால் தடுத்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கார்டு எந்த நேரத்திலும் எந்த மூலையிலும் எழுதலாம் என்பதால், விஎம்முக்குக் கொடுத்த ரேம் முழுவதையும் ஹோஸ்ட் அசையாமல் பூட்டி வைக்க வேண்டும். 32 ஜிபி கொடுத்தால், விண்டோஸ் சும்மா கிடந்தாலும் 32 ஜிபி போனது போனதுதான். கார்டு கைமாறிய விஎம்மை அப்படியே உறைய வைத்து டிஸ்கில் எழுதிவிட்டு அப்புறம் எழுப்புவதும் பொதுவாக நடக்காது. கரண்ட் போனால் விண்டோஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளும் வரை தாங்கும் யுபிஎஸ் கட்டாயம். எங்கள் ஊரில் இதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

கைமாற்றும் வேலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, நான் வேகமாகக் கடக்கிறேன். பயாஸில் விடி-டி அல்லது ஏஎம்டி-விஐ (இன்டெல்லும் ஏஎம்டியும் ஐஓஎம்எம்யூவுக்கு வைத்த பெயர்கள்) இயக்க வேண்டும். கார்டின் படப் பகுதியையும் அதோடு ஒட்டிய ஹெச்டிஎம்ஐ ஒலிப் பகுதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஹோஸ்டின் சொந்த டிரைவர் கார்டைத் தொடுவதற்கு முன்னால் விஎஃப்ஐஓ பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ‘பிழை 43’ என்று பக்கம் பக்கமாக இருக்கும். விஎம்முக்குள் ஓடுகிறோம் என்று தெரிந்தால் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் டிரைவர் வேலை செய்ய மறுத்த காலம் அது. 2021இல் 465 வரிசை டிரைவரோடு அந்தத் தடை நீங்கியது. இன்று அதற்காக ஹைப்பர்வைசரை, அதாவது விஎம்மை ஓட்டும் மென்பொருளை, மறைக்கும் வித்தைகள் தேவையில்லை. ஏஎம்டியின் சில பழைய தலைமுறை கார்டுகள் விஎம்மை ஒரு தடவை மூடித் திறந்தால் எழுந்திருக்காது, முழுக் கணினியையும் மறுபடி தொடங்க வேண்டிவரும். வாங்கும் முன் இதை விசாரித்துவிடுவது நல்லது.

சரி, வீடியோவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

4கே பிரேம் ஒன்றில் 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் நிறத் தகவலைப் பக்கத்துப் புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ளும். நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் என்றால் 4:2:0. இரண்டு புள்ளிக்கு ஒன்று என்றால் 4:2:2. ஒவ்வொரு தகவலையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பதுதான் 8 பிட், 10 பிட். நாம் போனில் பார்க்கும் வீடியோ பெரும்பாலும் 8 பிட், 4:2:0. அதில் ஒரு 4கே பிரேம் அவிழ்ந்தால் 12.4 எம்பி. அண்ணன் எடுக்கும் 10 பிட், 4:2:2 பிரேம் நினைவகத்தில் விரிந்தால் 33 எம்பிக்கு மேல். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஏறத்தாழ 830 எம்பி. ஒரு மணி நேரக் கல்யாணம் விரிந்தால் 3 டிபி.

கேமரா அதை நொடிக்கு 100 மெகாபிட்டாக, அதாவது 12.5 எம்பியாகச் சுருக்கித் தன் மெமரி கார்டில் எழுதிவிடுகிறது. அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படி இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்ப்பதுதான் டிகோடிங். முதலில் பிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எச்.264, எச்இவிசி என்ற சுருக்கும் முறைகளில் அடுத்த பிட்டுக்கு என்ன அர்த்தம் என்பது அதற்கு முந்தைய பிட்டுகளைப் பொறுத்தது. எட்டு கோர் இருந்தாலும் இந்த வேலையை எட்டாகப் பிரித்துக் கொடுப்பது சுலபமில்லை. அப்புறம் முந்தைய பிரேமில் இந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பார்த்து எடுத்து வந்து ஒட்ட வேண்டும், ஒட்டிய தையல் தெரியாமல் இழைக்க வேண்டும். ஆத்தங்குடித் தளத்தின் மேல் கேமரா நகரும் காட்சியை யோசித்துப் பாருங்கள். பூவும் கட்டமுமாகத் தரை முழுக்க நுணுக்கம், எல்லாமே ஒரே நேரத்தில் நகர்கிறது. சுருக்குவதற்கும் அவிழ்ப்பதற்கும் இதைவிடக் கடினமான பாடம் குறைவு.

இந்த வேலைக்கென்றே கார்டுக்குள் தனியாக ஒரு சுற்று உண்டு. என்விடியா அதை என்விடெக் என்கிறது, ஏஎம்டி விசிஎன் என்கிறது, இன்டெல்லின் குயிக் சிங்க் 2011இல் சாண்டி பிரிட்ஜ் சிபியூக்களோடு வந்தது. விளையாட்டு ஓட்டும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் கார்டின் விலையைப் பார்த்து இதன் திறமையை எடைபோட முடியாது, தலைமுறையைப் பார்க்க வேண்டும். 2014இல் உச்ச கார்டாக வந்த ஜிடிஎக்ஸ் 980, எச்இவிசியை முழுதாகத் தன் டிகோடரால் அவிழ்க்காது. மறு ஆண்டு அதைவிட மலிவாக வந்த ஜிடிஎக்ஸ் 960 அவிழ்த்துவிடும். 2020இல் வந்த ஆர்எக்ஸ் 6800, ஏவி1 என்ற இன்னொரு சுருக்கும் முறையை அவிழ்க்கும், 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அவிழ்க்காது. பெரிய எண் போட்ட பழைய கார்டைக் குறைந்த விலைக்கு வாங்கி விஎம்முக்குள் வைக்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஒரு தகவலை இங்கே சொல்லிவிடுகிறேன். வீடியோவை அவிழ்க்கப் பாதி உலகம் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக்கை 2000இல் தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர். கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் க்யூஎமுவையும் 2003இல் அவரேதான் தொடங்கினார். நம் பிரச்சினையின் இரண்டு முனைகளும் ஒரே ஆளின் மேசையிலிருந்து கிளம்பியவை.

இப்போது ஒரு பிரேமின் பயணத்தைச் சரியாக நடந்தால் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். டிஸ்கிலிருந்து சுருக்கிய மூட்டை விஎம்மின் ரேமுக்கு வருகிறது. அங்கிருந்து கார்டே அதை ஐஓஎம்எம்யூ வழியாகத் தன் நினைவகத்துக்கு இழுத்துக்கொள்கிறது. டிகோடர் அவிழ்க்கிறது. விரிந்த 33 எம்பியும் கார்டின் நினைவகத்திலேயே கிடக்கிறது. அதே கார்டு நிறத்தை மாற்றி, திரை அளவுக்குச் சரிசெய்து, தன் பின்னால் செருகிய கேபிள் வழியாக மானிட்டருக்கு அனுப்புகிறது. சிபியூ தொட்டது நொடிக்கு 12.5 எம்பி மூட்டையை மட்டும். 830 எம்பி என்ற பெரிய சுமை கார்டை விட்டு வெளியே வரவே இல்லை. இப்படி நடந்தால், விஎம்மில் ஓடுகிறதா நேரடிக் கணினியில் ஓடுகிறதா என்ற வித்தியாசமே தெரியாது.

அண்ணன் ஸ்டுடியோவில் நடந்தது வேறு. அவர் படத்தைப் பார்த்தது ப்ராக்ஸ்மாக்ஸின் கன்சோல் ஜன்னலில். அந்த ஜன்னல் காட்டுவது பொம்மைக் கார்டின் திரையை. பாஸ்த்ரூ செய்த நிஜக் கார்டு விஎம்முக்குள் இருந்தது, ஆனால் அதன் பின்னால் எந்தக் கேபிளும் இல்லை. தன் ஜன்னல் எந்தத் திரையில் இருக்கிறதோ அந்தத் திரையின் கார்டைத்தான் வீடியோ பிளேயர் பொதுவாக வேலைக்குக் கூப்பிடும். பொம்மையிடம் டிகோடர் இல்லை என்றதும் சத்தம் போடாமல் சிபியூவிடம் வேலையைக் கொடுத்துவிட்டது. சிபியூ மூச்சு முட்ட அவிழ்த்து, பொம்மைத் திரையில் எழுதியது. க்யூஎமு அதைப் படித்து மறுபடி சுருக்கி, கன்சோல் ஜன்னலுக்கு அனுப்பியது. நிஜக் கார்டு இத்தனைக்கும் நடுவில் சும்மா இருந்தது.

பிழைச் செய்தி எதுவும் வராததுதான் இதில் கொடுமை. பெரும்பாலான பிளேயர்கள் இப்படித்தான். கார்டு கிடைக்கவில்லை என்றால் சொல்லாமல் சிபியூவுக்குத் தாவிவிடும். நாம்தான் பார்க்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ பக்கத்துக்குப் போனால் சின்னச் சின்ன வரைபடங்கள் இருக்கும். ‘3டி’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஜன்னல் வரைந்தாலே அது ஏறும். ‘வீடியோ டிகோட்’ என்று ஒன்று இருக்கும், படம் ஓடும்போது அது எழுந்து நிற்க வேண்டும். அன்று அது தரையோடு தரையாகக் கிடந்தது.

செய்தது இதுதான். மானிட்டரின் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளை நிஜக் கார்டில் செருகினோம். விஎம் அமைப்பில் பொம்மைக் கார்டை அடியோடு எடுத்துவிட்டோம். கீபோர்டையும் மவுஸையும் யுஎஸ்பி வழியாக விஎம்முக்கே கொடுத்தோம். மானிட்டரின் இன்னொரு கேபிள் மதர்போர்டில், ஹோஸ்டுக்காக. விண்டோஸ் எழுந்தது, டிரோனில் எடுத்த 8 பிட் காட்சியைத் திறந்தார் அண்ணன். கானாடுகாத்தான் கூரைகள் ஒரு தடங்கல் இல்லாமல் நகர்ந்தன. ‘வீடியோ டிகோட்’ எழுந்து நின்றது, சிபியூ பத்து சதவீதத்துக்குக் கீழே படுத்துக்கொண்டது.

கெஸ்ட் விண்டோஸாக இல்லாமல் லினக்ஸாக இருந்தால் இதே தவறு வேறு உருவத்தில் வரும். லினக்ஸில் ஒவ்வொரு கார்டுக்கும் டெவ் அடைவில் ஒரு கதவு உண்டு. முதல் கதவு ரெண்டர்டி128, அடுத்தது ரெண்டர்டி129. பொம்மைக் கார்டும் நிஜக் கார்டும் சேர்ந்தே இருந்தால், 128 பொம்மைக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. பிளேயர் வழக்கம்போல 128ஐத் தட்டும், பதில் வராது, சிபியூவுக்குப் போய்விடும். விஏஇன்ஃபோ என்ற சின்னக் கருவியை ஒவ்வொரு கதவின் பெயரையும் கொடுத்து ஓட்டினால், எதற்குப் பின்னால் டிகோடர் இருக்கிறது, அதற்கு எந்தெந்த வகை தெரியும் என்று பட்டியல் போட்டுவிடும். கதவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், உங்கள் பயனர் கணக்கு ‘ரெண்டர்’ குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பிவி பிளேயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். படம் ஓடும்போது ஐ எழுத்தை அழுத்தினால் எந்த முறையில் அவிழ்க்கிறது என்று காட்டும். பெயரின் கடைசியில் ‘காப்பி’ என்று ஒட்டியிருந்தால், கார்டில் அவிழ்ந்த பிரேமை ரேமுக்கு இழுத்து மறுபடி கார்டுக்கு அனுப்புகிறது என்று அர்த்தம். 1080 அளவில் அது தெரியாது, 4கேயில் கை கடிக்கும்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவிழ்ந்த 4கே படம் நொடிக்கு நூற்றுக்கணக்கான எம்பி. வீட்டு லேன் கேபிளில் பொதுவாக 1 ஜிகாபிட், அதாவது அதிகபட்சம் 125 எம்பிதான் போகும். ஆகவே தூரத்துத் திரையில் எதைப் பார்த்தாலும் அது மறுபடி சுருக்கி அனுப்பியதுதான். அந்தச் சுருக்கலை யார் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், குழுக் கொள்கை (குரூப் பாலிசி) என்ற அமைப்பில் சொல்லி வைக்காவிட்டால், நிஜக் கார்டைத் தொடாமலேயே தனித் திரை ஒன்றைத் திறந்துகொள்ளும். சன்ஷைன், மூன்லைட் என்ற மென்பொருள் ஜோடி கார்டின் திரையையே பிடித்து, கார்டின் சொந்த என்கோடரால் சுருக்கி அனுப்பும். வீடியோ பார்க்க இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மானிட்டரே இல்லாத கார்டு என்றால் மானிட்டர் இருப்பதுபோல் நடிக்கும் ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று செருக வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பதற்குத் திரையே இருக்காது. எல்லாம் ஒரே கணினியில் இருந்தால் லுக்கிங் கிளாஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அது பிரேமைச் சுருக்காமல், கெஸ்டும் ஹோஸ்டும் பகிரும் நினைவகம் வழியாக ஹோஸ்டின் ஜன்னலுக்குக் கொடுக்கும்.

டிரோன் காட்சி ஓடிய சந்தோஷத்தில் அண்ணன் அடுத்து முதன்மைக் கேமராவின் திருப்பூட்டுக் காட்சியைத் திறந்தார். மறுபடி திக்கல். ‘வீடியோ டிகோட்’ மறுபடி தரையில். மானிட்டர், கேபிள், டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும்!

தொடக்கத்தில் சொன்ன மூன்று சொல்லுக்கு இங்கேதான் வேலை வருகிறது. கோப்பு எச்இவிசி. கார்டுக்கு எச்இவிசி தெரியும். 10 பிட்டும் தெரியும். தெரியாதது 4:2:2. நாம் பார்க்கும் படங்களும் தொடர்களும் 4:2:0 என்பதால், டிகோடர் செய்தவர்கள் நீண்ட காலம் அதற்கு மேல் அக்கறை காட்டவில்லை. எச்இவிசி 10 பிட் 4:2:2ஐ இன்டெல்லின் 11ஆம் தலைமுறை சிபியூக்களின் உள் கிராபிக்ஸே அவிழ்த்துவிடும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2 வந்தது. இடையில் வந்த எத்தனையோ விலையுயர்ந்த கார்டுகள் இந்த ஒரு வகையைச் சிபியூவிடம் தள்ளிவிடும். இதற்கும் விஎம்முக்கும் சம்பந்தமே இல்லை, அதே கார்டு நேரடிக் கணினியில் இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் விஎம்மில் ஓடும்போது எல்லாப் பழியும் விஎம் மேல் போகும். பாஸ்த்ரூவைப் பிரித்து மேய்ந்து நாட்களை வீணாக்குவார்கள். அதனால்தான் ஒரு வகை வீடியோவை வைத்து மட்டும் சோதிக்கக் கூடாது என்கிறேன். சாதாரண எச்.264 ஒன்று ஓடுகிறது, கேமராக் கோப்பு ஓடவில்லை என்றால், உங்கள் பாஸ்த்ரூ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

“அப்ப கார்டை மாத்தணுமா?” என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். அவர் கணினியில் இருப்பது இன்டெல்லின் 12ஆம் தலைமுறை சிபியூ. கார்டு விஎம்முக்குப் போய்விட்டாலும், சிபியூவின் உள் கிராபிக்ஸ் ஹோஸ்டிடமே இருக்கிறது, அதற்கு 4:2:2 தெரியும். மூலக் கோப்புகளும் ஹோஸ்டின் டிஸ்கில்தான் இருக்கின்றன. ஆகவே இரவில் ஹோஸ்ட் தன் எஃப்எஃப்எம்பெக்கால் ஒவ்வொரு கோப்பையும் உள் கிராபிக்ஸில் அவிழ்த்து, 1080 அளவில் 8 பிட் எச்.264 ஆகச் சுருக்கிப் பக்கத்தில் வைத்துவிடும். எடிட்டிங் மென்பொருளில் இதற்குப் பெயர் ப்ராக்ஸி. பகலில் அண்ணன் அந்த லேசான நகலை வைத்து வெட்டி ஒட்டுகிறார், விஎம்மின் கார்டு அதை அநாயாசமாக ஓட்டுகிறது. வண்ணம் திருத்திக் கடைசியாக எடுக்கும்போது மென்பொருள் மூலக் கோப்புக்குப் போய்விடுகிறது. இரண்டு அடுப்பும் எரிகிற வீடாகிவிட்டது.

இதற்கப்புறமும் சில நேரங்களில் ஒரு பிரேம் தவறும், ஒலி கரகரக்கும். டிகோடர் வரைபடம் நன்றாகத்தான் இருக்கும். இது நேரப் பிரச்சினை. 25 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிநொடி, 50 பிரேம் என்றால் 20. கார்டு வேகமாக அவிழ்த்தாலும், அடுத்த மூட்டையை எடுத்துக் கொடுக்கப் பிளேயருக்குச் சிபியூ கிடைக்க வேண்டும். விஎம்மின் சிபியூ என்பது ஹோஸ்டின் பார்வையில் இன்னொரு நிரல்தான். ஹோஸ்ட் அதை ஒதுக்கி வைத்துவிட்டு பேக்கப் எடுக்கப் போனால், அந்த நேரத்துக்கு விஎம் உறைந்து நிற்கும், அது விஎம்முக்கே தெரியாது. சில கோர்களை விஎம்முக்கென்று கட்டிவைத்து, மிச்சத்தை ஹோஸ்டுக்கு விட்டோம். பேக்கப்பை அதிகாலைக்குத் தள்ளினோம். ஒலிக் கரகரப்புக்குக் காரணம், விண்டோஸ் அந்தக் கார்டின் ஒலிப் பகுதிக்குப் பழைய வகை இன்டரப்ட் (சாதனம் சிபியூவைக் கூப்பிடும் சைகை) போட்டிருந்தது. எம்எஸ்ஐ என்ற புதிய வகைக்கு மாற்றியதும் கரகரப்பு நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நான் கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டார். “ஓடுது தம்பி, ஆனா கேமரா நகரும்போது தூண் மட்டும் லேசா உதறுது.” பார்த்தேன், உண்மைதான். ஒரு பிரேம்கூடத் தவறவில்லை என்று பிளேயர் சொன்னது. ஆனாலும் வளவின் தூண்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது விட்டு விட்டு ஒரு நடுக்கம்.

கேமரா எடுப்பது நொடிக்கு 25. நம் நாட்டில் டிவிக்கு நொடிக்கு 25 பிரேம் காட்டும் பிஏஎல் (PAL) ஒளிபரப்பு முறை இருந்ததாலும், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதாலும், இங்கே 25, 50 என்றே எடுக்கிறோம். 30இல் எடுத்தால் மண்டப விளக்குகள் மினுக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கணினி மானிட்டர் ஓடுவது 60இல். 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. ஒரு பிரேமை 2.4 தடவை காட்ட முடியாதே. அதனால் சில பிரேம்களை இரண்டு தடவையும் சிலவற்றை மூன்று தடவையுமாகக் காட்டி ஒப்பேற்றும். அசையாத காட்சியில் கண்ணுக்குத் தெரியாது, நேர்க்கோட்டுத் தூண் பக்கவாட்டில் நகரும்போது பிடிபட்டுவிடும். விண்டோஸின் திரை அமைப்புக்குப் போய் 60ஐ 50 ஆக்கினேன். இப்போது எல்லாப் பிரேமும் சரியாக இரண்டு தடவை.

அண்ணன் அதே காட்சியை முதலிலிருந்து ஓட்டினார். முகப்பிலிருந்து கேமரா உள்ளே நுழைகிறது, தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போகின்றன, பின்னால் நிழலில் ஆச்சிமார் முகம் ஒவ்வொன்றும் தெரிகிறது. மானிட்டரின் கீழ் விளிம்பில் ‘50, மாற்ற வேண்டாம்’ என்று எழுதி ஒரு துண்டுச் சீட்டை அன்றே ஒட்டிவிட்டார்.